நான்காவது சேனல்

மாங்கனிக் கண்காட்சியின் பதினேழாம் நாள்.
ஆறு மணிக்கு முன்னாள் படைவீரர்களுக்கு மரியாதை,
ஏழரைக்குப் பட்டிமன்றம்.
நேரம் தாண்டக்கூடாது என்று
தாலுகா ஆபீஸ் ஆள் இரண்டு தடவை வந்து சொன்னார்.
என் வேலை மைக்செட்.
நாலு காலர் மைக், நாலு ஃபேடர்,
காதில் ஹெட்போன்.

அறிவிப்பாளர் பெண்ணுக்கு நல்ல குரல்.
அறுபத்தைந்து, தளி ஹவில்தார் பசவராஜு: கைதட்டல்.
எழுபத்தொன்று, பீரங்கிப் படை, சுபேதார் அப்துல் சுக்கூர்:
கைதட்டல், ஒரு விசில்.
கார்கில், லான்ஸ் நாயக் சென்னகேசவன்:
பள்ளிப் பிள்ளைகள் எழுந்தே விட்டார்கள்.
மற்றும்,
வேப்பனப்பள்ளி நாயக் திம்மராயன்.
எந்தப் போர் என்று அவள் தாளில் இல்லை.
மற்றும் என்ற சொல்லுக்கு எவ்வளவு தட்டுவது என்று
கூட்டத்துக்கும் தெரியவில்லை.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
பசவராஜு எதிரியை மறந்துவிட்டார்.
குண்டு விழுந்தும் அசையாமல் நின்ற
கோவேறு கழுதையைப் பற்றியே பேசினார்,
அதன் பெயரைச் சொல்ல வரும்போது மணியடித்தார்கள்.
சுக்கூர் கத்திப் பேசினார்,
இரண்டாவது சேனலைப் பாதியாகக் குறைத்தேன்.
சென்னகேசவன் பனியை உருக்கி டீ போட்ட கதை சொன்னார்,
வலது கால் விரல்களைப் பற்றிச் சொல்லவில்லை.
திம்மராயன், எல்லாருக்கும் நன்றி என்றார்.
அவ்வளவுதான்.
மிச்சமான நேரத்தில் அறிவிப்பாளர் சிரித்தாள்.

சால்வை. ஆளுக்கு இரண்டு கிலோ செந்தூரா, துணிப்பையில்.
மேஜை போட வேண்டுமென்று
நாற்காலிகளை மேடை ஓரத்துக்குத் தள்ளினார்கள்.
மைக்கைக் கழற்ற வேண்டிய பையன் டீக்குப் போயிருந்தான்.
மைதானத்துக்குப் போகும் ஒலியை மூடினேன்.
என் காதுக்கு வருவதை மூடவில்லை.

"சுக்கூரண்ணே, இந்தப் பக்கத்துக் காது ஒங்களுக்குக் கேக்காதில்ல?"
பதில் இல்லை.
"செரி.

ஊட்டுல தெலுகு, சந்தைல கன்னடம்,
இஸ்கூல்ல தமிழு, பட்டாளத்துல இந்தி.
நாலு பாஷை தெரிஞ்சவன்னு
கேப்டன் என்னையத்தான் முன்னால நிறுத்துவாரு.
யாழ்ப்பாணத்துக்குத் தெக்க ஒரு ஊடு.
வாசல்ல மாமரம், கறுத்தக்கொழும்பான்னு ஒரு சாதி.
அடுப்பாங்கரைல ரெண்டு தட்டு, ரெண்டும் ஈரம்.
இன்னொண்ணுல தின்னது யாருன்னு கேளுடான்னாரு.
கேட்டன்.
என்ர மகன்தான், இப்பத்தான் பின்பக்கத்தால போனவன்,
நீங்களும் தமிழ்தானே கதைக்கிறியள் தம்பி,
பொய் சொல்ல ஏலாமக் கிடக்குன்னுது அந்தம்மா.
நான் திரும்பி இந்தில சொன்னன்:
பக்கத்தூட்டுப் பொண்ணுங்க சார், சாப்ட்டுப் போயிட்டா."

துணிப்பை உரசும் சத்தம்.
மாம்பழத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார் போல.

"நாலாம் நாளு அதே ரோட்டுல கண்ணிவெடி.
எங்க செக்‌ஷன்ல ரெண்டு பேரு.
ஒருத்தனுக்கு அடுத்த மாசம் கல்யாணம்.
வெச்சது அவனா?
முப்பத்தேழு வருசமாத் தெரில.
யாரண்ட போயிக் கேக்கறது?"

இரண்டாவது சேனலில் வெடித்தது சுக்கூரின் குரல்:
"ஆமாமா! செந்தூரான்னாலே இனிப்புதான்!"
"ஆமாண்ணே" என்றார் திம்மராயன்.
சிரித்தாரா, மூச்சு விட்டாரா,
என் ஹெட்போன் பழசு.

விரல் நாலாவது ஃபேடர்மேல் இருந்தது.
ஓர் அங்குலம் மேலே தள்ளினால்
ஆயிரம் பேர் கையில் மாம்பழத் துண்டோடு திரும்பிப் பார்த்திருப்பார்கள்.
தள்ளவில்லை.
நல்லதுக்கா, பயத்துக்கா,
அதையும் யாரிடம் கேட்பது.

பையன் வரவில்லை, நானே போய்க் கழற்றினேன்.
சட்டைக் காலரில் சவரச் சோப்பு வாசனை.
இடுப்புப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர்
மெதுவாகக் கேட்டார்:
"இது இவ்ளோ நேரம் ஓடிட்டா இருந்துது?"

"இல்லீங்க சார், பேட்டரி அப்பவே தீந்துபோச்சு" என்றேன்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.